பழைய குடும்பக் காரில் ஏற்காட்டுக்குக் கேம்பிங்: வண்டியைத் தயார்செய்ய முழுமையான வழிகாட்டி

சேலத்தில் "கேம்பிங் போக வண்டி ரெடி பண்றேன்" என்று வாயைத் திறந்தால் போதும். ஒருவர் மஹிந்திரா தார் வாங்கு என்பார், இன்னொருவர் மாருதி ஜிம்னி என்பார். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி தேவையே இல்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவும் தார்ச்சாலைதான். அரசுப் பேருந்தே நாள் முழுக்க ஏறி இறங்குகிறது. வீட்டு வாசலில் நிற்கிற எட்டு வருட எர்டிகாவோ வேகன் ஆரோ ஈகோவோ இன்னோவாவோ தாராளமாகப் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அது குடும்ப வண்டி. சனிக்கிழமை இரவு அதில் நீங்கள் தூங்கலாம். ஆனால் திங்கள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும், புதன்கிழமை அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஆகவே கீழே வருகிற எல்லா வேலைக்கும் இரண்டு நிபந்தனை வைத்துக்கொள்கிறேன். வண்டியின் உடம்பில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. மாட்டியதை எல்லாம் ஒரே ஆள் அரை மணி நேரத்துக்குள் கழற்றி மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவிட முடிய வேண்டும். நிரந்தரமாக மாற்றிவைத்த வண்டி வீட்டில் சண்டையை வளர்க்கும், விற்கும்போது விலையை இறக்கும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. சங்ககிரியும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரித் தொழிலில் பேர்போன ஊர்கள். தார்ப்பாய், நைலான் கயிறு, ராட்செட் பெல்ட், கொக்கி, ரப்பர் பீடிங் என்று கேம்பிங்குக்கு வேண்டிய சாமானில் பாதி லாரி உதிரிக் கடைகளில் கிடைத்துவிடும். அதையே 'அவுட்டோர்' என்று பேர்போட்டு ஆன்லைனில் விற்கும்போது விலை எங்கேயோ போகிறது.

வண்டியைச் சோதிப்பது

ஏற்கெனவே வீட்டில் இருக்கிற வண்டி என்றால் இந்தப் பகுதியில் பாதி உங்களுக்கு வேண்டாம். புதிதாகப் பழைய வண்டி வாங்குகிறவர்கள் மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் சீட் பெல்ட். நாலு பெல்ட்டையும் கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சென்னையில் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான வண்டிகள் முங்கின. வெள்ளத்தில் முங்கிய வண்டியை மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும், பெல்ட் சுருண்டிருக்கிற உள்பகுதியில் மண் கோடு அப்படியே நிற்கும். டிக்கியில் ஸ்டெப்னி குழிக்கு அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். வண்டல் ஒட்டினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

டயரின் பக்கவாட்டில் ஒரு ஓவல் கட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயர் மேலுள்ள பட்டன் வரி எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஆறேழு வருடத்தைத் தாண்டிய டயரோடு மலை ஏறாதீர்கள். நாலு டயர் மாற்றும் செலவை வண்டி விலையிலேயே பேசிக் குறைத்துவிடுங்கள்.

ஆர்சியில் லோன் பாக்கி இருக்கிறதா, முன்னால் டாக்சியாக ஓடி பிறகு சொந்த போர்டுக்கு மாறிய வண்டியா என்பதைப் அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்துவிட்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும். நிறையப் பேர் கோட்டைவிடுவது இதில்தான்.

ஓட்டிப் பார்ப்பதற்கு இந்த ஊரைப் போல ஒரு சோதனைக் களம் எங்கும் கிடையாது. சேலம் ஐந்து ரோடு நெரிசலில் ஓட்டிப் பார்த்து என்ன தெரியும்? கோரிமேடு வழியாக அடிவாரம் போய், ஏசியைப் போட்டுக்கொண்டு ஏழெட்டு வளைவு ஏறுங்கள். டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது கியரில் வேகம் பிடிக்காமல் இஞ்சின் சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்துவிட்டது. வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன்சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட் போயிருக்கிறது. இறங்கும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் டிஸ்க் கோணிக்கொண்டிருக்கிறது. விற்பவர் "அவ்வளவு தூரம் எதுக்குங்க" என்று இழுத்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் பணம் பிரேக்குக்கு

கூடாரம், விளக்கு, மடக்கு நாற்காலி எல்லாம் பிறகு. ஒரு கணக்கு சொல்கிறேன். ஆளும் சாமானும் சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள வண்டி, ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படுகிற ஆற்றல் கிட்டத்தட்ட ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அத்தனையும் எங்காவது சூடாக வெளியேறியே தீர வேண்டும். இஞ்சின் வழியாகப் போகாவிட்டால் பிரேக் பேடு வழியாகத்தான் போகும்.

அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். இரண்டாவது கியரில் ஏறிய வளைவை இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற பழக்கத்தைக் கோரிமேட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து அமுக்கிக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். பேடு ஆறுவதற்கு அந்த இடைவெளிதான் நேரம் தரும். சாலை குறுகுகிற இடத்தில் மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது மூன்று வேலை சொல்லுங்கள். பிரேக் ஆயில் மாற்றுவது முதல் வேலை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமேறிய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். பழைய வண்டி என்றால் எப்போது மாற்றினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். அடுத்து, நாலு சக்கரத்தையும் கழற்றிப் பேடு, பின் டிரம்மின் ஷூ, ஹேண்ட் பிரேக் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சரிவில் நிறுத்தித் தூங்கப்போகிறவருக்கு ஹேண்ட் பிரேக் முக்கியம். மூன்றாவது கூலன்ட். ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிதான் நம் ஊரில் அதிகம். ஒருமுறை முழுக்க வடித்து, கம்பெனி சொன்ன கூலன்டை ஊற்றிவிடுங்கள்.

பின் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் அதே கம்பெனி ஸ்பிரிங்கையே புதிதாகப் போடுங்கள். ஸ்பிரிங் இடுக்கில் ரப்பர் செருகி வண்டியை உயர்த்துவது கடையில் நிற்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கும். வளைவில் வண்டி சாயும்போது அதன் கம்பீரம் தெரியும்.

சட்டம் எங்கே நிற்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி அதை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதையே உறுதிசெய்தது. முன்னால் பொருத்தும் இரும்பு கார்டுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதனால் உயர்த்துவது, கூரையை அறுப்பது, ஏழு சீட் வண்டியில் கடைசி வரிசையைக் கழற்றி வீசுவது எதிலும் இறங்க வேண்டாம். ஆர்சியில் ஏழு பேர் என்று இருந்தால் வண்டியிலும் ஏழு சீட் இருக்கட்டும். மடக்கிக்கொள்ளலாம். இரவில் விரித்துப் பகலில் மடக்கி வைக்கிற பலகையும் மெத்தையும் வெறும் சுமை, அவ்வளவுதான். செக்போஸ்ட்டில் நிறுத்தினாலும் பயமின்றிப் பேசலாம்.

மேல் கேரியர் வேண்டுமென்றால், கூரையில் இருக்கிற ரெயிலில் பிடித்து மாட்டிக் கழற்றுகிற வகையை மட்டும் பாருங்கள். கூரை எவ்வளவு தாங்கும் என்று வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும். பல குடும்பக் கார்களில் அது நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு தண்ணீர் கேனே 20 கிலோ. மேலே ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டியைச் சாய்க்கும். மேலே மெத்தை, தார்ப்பாய் போன்ற லேசான சாமான், கீழே தண்ணீரும் சிலிண்டரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கைப் பலகை

இதுதான் ஆசாரியும் நீங்களும் சேர்ந்து உட்கார வேண்டிய வேலை. அவசரப்பட்டால் பிளைவுட் வீணாகும்.

அளவெடுக்கும் முன், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து உங்களுக்கு வசதியான இடத்தில் அதை நிறுத்துங்கள். இரண்டாவது, மூன்றாவது வரிசையை மடக்குங்கள். டிக்கிக் கதவை மூடிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, டிரைவர் சீட்டின் முதுகிலிருந்து கதவின் உள்பக்கம் வரை டேப் பிடியுங்கள். கதவைத் திறந்து வைத்து அளந்தால் சில அங்குலம் கூட வரும். அந்த அளவுக்குப் பலகை போட்டால் கதவு மூடாது. ஆறடி கிடைக்காவிட்டால் பரவாயில்லை. இரவில் முன்சீட்டை முன்னால் தள்ளி, தலைப்பக்கம் ஒரு மடக்குப் பலகையை நீட்டிக்கொள்ளலாம். அகலத்தைச் சக்கர மேடுகளுக்கு நடுவில் எடுங்கள்.

பிளைவுட்டைத் தொடும் முன், பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி வண்டிக்குள் விரித்துப் பாருங்கள். அட்டை மேல் படுங்கள். திரும்பிப் படுங்கள். எழுந்து உட்காருங்கள், தலை இடிக்கிறதா? பெரும்பாலான காரில் இடிக்கும். அதனால் கீழே பெட்டி வைக்க இடம் வேண்டும் என்று பலகையை உயரத் தூக்காதீர்கள். மடக்கிய சீட்டுகளில் எது உயரமோ அந்த மட்டத்தோடு நிறுத்துங்கள். மீதி பள்ளத்தை மட்டும் கால் கொடுத்து நிரவினால் போதும்.

12 மில்லி பிளைவுட் சதுர மீட்டருக்குச் சுமார் ஏழரை கிலோ வரும். 180 சென்டிமீட்டர் நீளம், 105 அகலம் என்றால் மொத்தம் 14 கிலோ. 18 மில்லி போட்டால் அதே பலகை 21 கிலோவைத் தாண்டும். உங்கள் மனைவியோ அப்பாவோ ஒற்றையாகத் தூக்க மாட்டார்கள். 12 மில்லியே எடுங்கள், ஆனால் ஈரம் தாங்குகிற ஐஎஸ் 710 முத்திரை உள்ளதாக எடுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் சாதாரண கமர்ஷியல் பிளை ஓரம் ஊதிப் பிரியும். மூன்று துண்டாக வெட்டி, கீல் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக மடங்கும்படி செய்யச் சொல்லுங்கள். ஆசாரி கட்டாயம் கேட்பார்: "சன்மைக்கா ஒட்டிடலாமுங்களா?" வேண்டாம் என்று சொல்லுங்கள். மெத்தை வழுக்கும், எடை கூடும். இரண்டு கோட் வார்னிஷ் போதும், அறுத்த ஓரங்களுக்கு மூன்று கோட்.

கால்களுக்கு ஓரங்குலச் சதுர இரும்புக் குழாய். அடியில் நாற்காலிக் காலுக்குப் போடுகிற ரப்பர் புஷ் மாட்டினால் கார்ப்பெட் கிழியாது. ஒவ்வொரு பலகையிலும் ஓரங்குல ஓட்டை எட்டுப் பத்துப் போடச் சொல்லுங்கள். மெத்தைக்கு அடியில் காற்று போகும், தூக்குவதற்குக் கைப்பிடியும் ஆகும். பலகை பலகையோடு உரசுகிற இடத்தில் பழைய கம்பளித் துணியை ஒட்டிவிட்டால், மலைப்பாதையில் அந்தக் 'கடகட' சத்தம் இருக்காது.

வண்டி ஓடும்போது பலகை மூன்றாவது வரிசை மேல் மடங்கிக் கிடக்கும். குடும்பம் இரண்டாவது வரிசையில் பெல்ட் போட்டு உட்காரும். போய்ச் சேர்ந்த பிறகுதான் விரிக்க வேண்டும். மடங்கிய பலகையை டிக்கியில் இருக்கிற லக்கேஜ் கொக்கிகளில் ராட்செட் பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டாத 14 கிலோ பலகை, திடீர் மோதலில் அதைப்போலப் பல மடங்கு எடையோடு முன்னால் இருப்பவர் கழுத்துக்கு வரும்.  தரையைத் துளைத்துக் கொக்கி போடச் சொல்பவரிடம் போகாதீர்கள். தரைக்குக் கீழேதான் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன.

மெத்தைக்கு மூன்றங்குல ஃபோமைப் பலகை அளவுக்கே மூன்றாக வெட்டித் தையுங்கள். மேலே ஒரு பவானி ஜமுக்காளம். வழுக்காது, துவைக்கலாம், பக்கத்து ஊர் சரக்கு. இரண்டு பெரியவரும் ஒரு சின்னக் குழந்தையும் படுக்கலாம். நாலு பேரையும் உள்ளே திணிக்க நினைக்காதீர்கள். மீதிப் பேருக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம்.

காற்றும் ஈரமும் கொசுவும்

சேலத்தைவிட ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்குப்படி, சேலம் அம்மாபேட்டையில் 36 டிகிரி என்றால் மேலே 28 இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் நன்றாகவே கடிக்கும். அந்தக் குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுப் படுத்தால், விடியும்போது உள்ளே கூரையிலிருந்து சொட்டும். மழை ஒழுகவில்லை, இரவெல்லாம் நீங்கள் விட்ட மூச்சுதான் அது. எதிரெதிர் பக்கத்தில் இரண்டு கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள்.

இறக்கிய இடத்துக்குக் கொசுவலை. கதவின் மேல்பாதிக்குத் தலையணை உறை மாதிரி தைத்து, கதவைத் திறந்து மேலிருந்து மாட்டிவிட்டு மூடிவிடலாம். எந்தத் தையல்காரரும் அரை நாளில் தைத்துத் தருவார். வெளிச்சம் மறைக்க, தகரக் கூரைக்கு அடியில் ஒட்டுகிற வெள்ளி ஃபாயில் ஷீட்டை ஒவ்வொரு கண்ணாடி அளவுக்கும் வெட்டிச் செருகுங்கள். வண்டி எடுக்கும் முன் அத்தனையையும் கழற்றிவிட வேண்டும்.

எவ்வளவு குளிர்ந்தாலும் இஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரோ ஏசியோ போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். உள்ளே அடுப்பும் வேண்டாம், கரிச்சட்டியும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமில்லை, நிறமில்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது.

தார்ப்பாய்ப் பந்தல்

கேம்பிங் கடையில் விற்கிற பக்கவாட்டுக் கூரையை வாங்காதீர்கள். 12 அடிக்கு 15 அடி சில்பாலின் வாங்குங்கள். விவசாயிகள் நெல் காயப்போடுகிற அதேதான். 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) தடிமனில் மொத்தமும் இரண்டு கிலோதான் வரும். ஓரத்தில் கயிறு கோக்கக் கண் அடித்தே கிடைக்கும்.

டிக்கிக் கதவைத் தூக்கி அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் பின்னால் ஒரு சின்ன சமையற்கட்டு கிடைக்கும். கதவு திறந்திருக்கும்வரை டிக்கி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவிட்சை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. மழைக்காலத்தில் ஒரு பக்கத்தை நன்றாகத் தாழ்த்தியே கட்டுங்கள். நடுவில் தொட்டி போலத் தேங்கினால் ஒரு பக்கெட் தண்ணீரே 15 கிலோ. தாங்குகிற கம்பு மடங்கும்.

லாரியில் லோடு கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு ஒன்று போதும். கயிற்றின் ஒரு முனையைத் தார்ப்பாய்க் கண்ணில் கட்டிவிடுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு சின்ன வளையம் முறுக்கி, அதற்குள் கயிற்றின் ஒரு மடிப்பை இழுத்தால் ஒரு காது உண்டாகும். மீதிக் கயிற்றைத் தரையில் அடித்த முளையைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் காதுக்குள் விட்டு, கீழ்நோக்கி இழுங்கள். கப்பியில் இழுத்த மாதிரி விறைக்கும். இறுகிய இடத்தை ஒரு கை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இரண்டு அரை முடிச்சு போடுங்கள். அவிழ்க்கும்போது அரை முடிச்சை எடுத்தாலே முழுவதும் கழன்றுவிடும். வீட்டு கேட்டில் நாலு முறை போட்டுப் பழகிக்கொண்டு போங்கள். இருட்டில், மழையில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கற்றுக்கொள்கிற விஷயமில்லை இது.

மின்சாரம்

காரின் பேட்டரி ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் என்று முடிவுசெய்துவிடுங்கள். தனியாக 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று இருந்தால் சுமார் 256 வாட்-மணி. ஐந்து வாட் எல்இடி ஐந்து மணி நேரம் எரிய 25, நாலு போன் சார்ஜ் செய்ய 60, சின்ன ஃபேன் எட்டு மணி நேரம் ஓட 40. எல்லாம் சேர்த்து 125 வந்தது, பாதிகூட ஆகவில்லை. இன்வெர்ட்டருக்குப் போடுகிற ஆசிட் பேட்டரியை உள்ளே வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும், வளைவில் சாய்ந்தால் ஆசிட் கொட்டும்.

வீட்டிலேயே முழுக்க ஏற்றிக்கொண்டு போவதுதான் எளிது. ஓடும்போது ஏற்ற வேண்டுமென்றால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் அளவுக்குள் இழுக்கிற சார்ஜர் பாருங்கள். வண்டியின் ஒயரை நடுவில் சுரண்டி இணைப்பு கொடுக்கிற வேலைக்கு யாரையும் விடாதீர்கள். தீப்பிடிக்கிற பழைய வண்டிகளில் அப்படிச் சுரண்டிய ஒயர் ஒரு முக்கியக் காரணம், இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும். சோலார் பேனல் சேலத்து வெயிலுக்குச் சரி. மேலே மேகம் மூடினால் அதை நம்பிப் பயனில்லை.

சமையல்

ஐந்து கிலோ சிலிண்டரும் ஒற்றை பர்னரும். தெருவோரத்தில் நிரப்பித் தருகிற முத்திரையில்லாத குட்டி சிலிண்டர் பக்கம் போகாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்விடாது, டிக்கித் தரையிலும் ஸ்டெப்னி குழியிலும் போய்த் தேங்கி நிற்கும். ஆகவே ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்திக் கட்டி, கண்ணாடியைச் சற்று இறக்கி ஓட்டுங்கள். இறங்கியதும் முதலில் சிலிண்டரை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். வீட்டில் வேகிற நேரத்தில் அரிசி வேகாது. துவரம்பருப்பு கேட்கவே வேண்டாம். சின்ன குக்கரைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். அல்லது முதல் இரவுக்குப் புளிச்சோறும் தட்டுவடை செட்டுக்கான சாமானும் கட்டிக்கொண்டு போய் அடுப்பையே பற்றவைக்காமல் விடுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்லது. ஐஸ்பெட்டிக்கு மீன் கடைத் தெர்மாகோல் பெட்டியே போதும். ஐஸைத் தட்டி உடைக்காமல் பெரிய கட்டியாக வைத்தால் மெதுவாகத்தான் கரையும்.

சாப்பாட்டு வாசத்தோடு கண்ணாடியைத் திறந்து வைத்துவிட்டு நகராதீர்கள். ஏற்காட்டுக் குரங்குகளுக்குப் பிஸ்கட் பாக்கெட் சத்தமே போதும். ஒருமுறை பிளைவுட்டில் வார்னிஷ் தடவாமல் விட்டாலும் சமாளிக்கலாம், ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்தில் குரங்கு உட்கார்ந்திருப்பதைச் சமாளிக்க முடியாது.

எதற்காகப் போகிறீர்கள்

பறவை பார்ப்பவர்களுக்கு வண்டியே மறைவிடம். கண்ணாடிக்கு மேல் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்து அதன் மேல் கேமராவைச் சாய்த்தால் ஆடாது. பாறைச் சரிவுப் புதர்களில் மஞ்சள் தொண்டைச் சின்னான் கிடைத்தால் அதிர்ஷ்டம். நட்சத்திரம் பார்ப்பவர்கள் உள்விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். சேலத்து வெளிச்சம் தெரியாத பக்கமாக நிறுத்துங்கள். சைக்கிள் எடுத்துப்போகிறவர்கள் முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளேயே படுக்க வையுங்கள். டிக்கியில் தொங்கவிடுகிற ஸ்டாண்டு நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைக்கும்.

எங்கே நிறுத்துவது

காடு தெரிகிறது என்று வண்டியை உள்ளே விடாதீர்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், தீ மூட்டுவது அதைவிடப் பெரிது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-இலிருந்து 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு நடக்கலாம், சேலம் மாவட்டத் தடங்களும் அதில் உண்டு. இரவு தங்குவதற்குக் காபி எஸ்டேட்காரரிடமோ விடுதிக்காரரிடமோ முன்கூட்டியே பேசி, அவர்கள் இடத்திலேயே நிறுத்துங்கள். கழிப்பறையும் தண்ணீரும் கிடைக்கும். காட்டெருமை நடமாட்டம் எங்கே என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

சமதளமாகப் பார்த்து நிறுத்துங்கள். கொஞ்சம் சரிவுதான் என்றால் தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கோடு கியரும் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு கட்டை. சில்வர் ஓக் மரத்தின் காய்ந்த கிளைக்கு நேர் கீழே வேண்டாம், வெட்டிய மண்சுவருக்கு ஒட்டியும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு மலைப்பாதையே சரிந்து போக்குவரத்து நின்றது. வடகிழக்குப் பருவமழையில் எச்சரிக்கை இருந்தால் போகாமல் இருப்பதே வழி. மேலே போன பிறகு பாதை அடைத்தால் மாற்றுப் பாதையான குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கோடை விழா நாட்களில் கூட்டத்தோடு போட்டிபோடவும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு இரவு வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் படுத்துப் பாருங்கள். தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள். பலகை எங்கே குத்துகிறது, தண்ணீர்ப் பாட்டில் எங்கே வைக்க வேண்டும், நடு இரவில் செருப்பு எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு இரவில் தெரிந்துவிடும்.

திரும்பி வந்ததும்

பலகையையும் மெத்தையையும் மொட்டை மாடியில் ஒரு நாள் வெயிலில் போடுங்கள். தார்ப்பாயைக் காயாமல் மடித்தால் அடுத்த முறை பூசண வாசத்தோடுதான் விரியும். டயர் இடுக்கில் சிக்கிய கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுங்கள். பிரேக் ஆயில் மட்டம், கூலன்ட் மட்டம் இரண்டையும் இஞ்சின் ஆறிய பிறகு பாருங்கள். பானட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற சாக்கடையில் சேர்ந்துள்ள சில்வர் ஓக் இலையைக் கையால் அள்ளி எடுத்துவிடுங்கள். அது அழுகி அங்கிருக்கும் வடிகால் ஓட்டையை அடைத்துக்கொண்டால், அடுத்த மழையில் தண்ணீர் டேஷ்போர்டு வழியாகக் கால்மிதியில் இறங்கும்.